அந்த ஆளு ஏன் உன் காலைப் புடிச்சிருக்காரு?

கொஞ்சம் நீளமான பதிவு. தே தாரேக் ஒன்று கலக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் எங்க அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாங்க. மழையில் எடுத்த படம். பாறையோடு சேர்த்துக் கட்டின ஏணி, அதுமேல தண்ணி கொட்டுது. நடுவில், கிழிந்த மஞ்சள் மழைக்கோட்டோடு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தடித்த மனுஷன். அது நான். எனக்குக் கீழே ஒரு பெரியவர், ஒரு கையால் ஏணியையும் இன்னொரு கையால் என் வலது காலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

படத்துக்குக் கீழே ஒரே வரி: "அந்த ஆளு ஏன் உன் காலைப் புடிச்சிருக்காரு?"

படம் அக்கா கைக்கு எப்படிப் போச்சுன்னு விசாரித்தேன். மருமகன் வேலைதான். ரெண்டு மாசமா "ஒண்ணும் நடக்கலம்மா, மாமா சூப்பரா ஏறினாரு" என்று என்னைக் காப்பாற்றி வந்தவன், புது கைப்பேசி வாங்கினதும் பழைய படங்களை எல்லாம் அம்மாவின் கணினியில் ஏற்றிவிட்டான். ஆகவே அக்கா, இது உங்களுக்கான பதில். மற்றவர்களும் படிக்கலாம்.

மருமகன் (பெயர் போட்டால் கோவிச்சுக்குவான்) படிப்பு முடிந்ததும் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஜாவாவைச் சுற்றப் போறேன்னு கிளம்பினான். "தனியா விடமாட்டேன், மாமா கூட வந்தா போ" என்று அக்கா சொல்லிட்டாங்க. எனக்கு வயசு 46. நான் பார்த்த வெளிநாடு பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம். அதுவும் பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிடும் குழுப் பயணம். ஆனால் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் படிக்கட்டில் நின்று கூட்டத்தை நகர்த்திவிடுற ஆளு. இருபது வருஷ அனுபவம். ஒரு பையனைப் பார்த்துக்க முடியாதா?

2023 டிசம்பர் முதல் வாரம். "மாமா, அங்க மழைக்காலம் ஆரம்பிச்சிருக்கும்" என்றான். "நாம பார்க்காத மழையாடா" என்றேன். இந்தப் பதிவில் நான் வாயைத் திறக்கிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

சுராபாயாவில் இறங்கி, ரயில் பிடித்து மாலாங். முதல் நாள் நல்லாத்தான் போச்சு. சிங்கோசாரி கோயிலைப் பார்த்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டு சிங்காசாரி அரசை ஆண்ட கடைசி மன்னன் கெர்த்தநகரனின் நினைவாக எழுப்பின சிவன் கோயில். சுற்றிலும் மாடங்கள் காலி. தெற்கு மாடத்தில் மட்டும் ஒரு சிலை மிச்சம் இருக்கு. யார் தெரியுமா? அகத்தியர். தாடியும் தொந்தியுமா நம்ம குறுமுனி கடல் கடந்து வந்து நிக்கிறார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் அருவிக்குத் தலையாட்டினேன்.

அருவியின் பெயர் தும்பாக் செவு. ஜாவா மொழியில் செவு என்றால் ஆயிரம். பேருக்கு ஏற்றபடி ஒரே அருவி இல்லை, அரைவட்டப் பாறைச்சுவர் முழுக்க நூல் நூலாக இறங்கும் அருவிக் கூட்டம். உயரம் ஏறக்குறைய 120 மீட்டர். சுமேரு மலையின் சரிவில் லுமாஜாங், மாலாங் இரண்டு மாவட்டத்துக்கும் எல்லையில் இருக்கு. சுமேரு 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரமான மலை, இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை. அங்குள்ளவர்கள் மகாமேரு என்றும் சொல்வார்கள். ஜாவாத் தீவு ஆடாமல் நிற்கட்டும் என்று தேவர்கள் பாரத நாட்டிலிருந்து மேருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது அவர்கள் புராணம்.

காலையிலேயே போனால் அருவிக்குப் பின்னால் மகாமேரு தெரியும், பகலில் மேகம் மூடிடும். அதனால் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பத் திட்டம். "நீ அலாரம் வைக்காதே, நான் எழுப்புறேன்" என்றேன். என் கைக்கடிகாரம் சரியாக 4 மணிக்குக் கூவியது. அவனை எழுப்பி, பல் விளக்கவைத்து, மழைக்கோட்டெல்லாம் மாட்டிக்கொண்டு மோட்டார் வாடகைக் கடை வாசலில் போய் நின்றோம். தெருவில் நாய்கூட இல்லை. மருமகன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க மணி மூணு" என்றான். கடிகாரத்தை நான் மாற்றவே இல்லை. மலேசிய நேரத்துக்கு ஜாவா ஒரு மணி நேரம் பின்னால். நாலு மணிக்கு வர்றேன்னு சொன்ன கடைக்காரர் ஆறு மணிக்கு வந்தார். அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சிடுது. மேகம் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தைக் கொசுக்கடியோடு வாடகைக் கடை வாசலில் கழித்தோம்.

மாலாங்கிலிருந்து தூரேன், டம்பிட் வழியாகப் போகணும். சாதாரணமா ரெண்டு ரெண்டரை மணி நேரம். தூரேனில் ஒரு முச்சந்தியில் சந்தேகம். நம்ம மலாய்தான் இருக்கே என்று ஒரு சாப்பாட்டுக் கடை அம்மாவிடம், "சாயா கெனா பூசிங் கா?" என்று கேட்டேன். திரும்பிப் போகணுமான்னு அர்த்தம். அந்தம்மா பதறிப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுடுதண்ணீர் கொடுத்து, ஒரு சின்னப் பாட்டிலில் காயு பூத்தே தைலம் எடுத்து நெற்றியில் தேய்க்கச் சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். இந்தோனேசியாவில் பூசிங் என்றால் தலைச்சுற்றல். எவ்வளவு சொல்லியும் பாட்டிலைத் திருப்பி வாங்க மறுத்துட்டாங்க. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டம்பிட் தாண்டினதும் ரோடு மலைப்பாதை. எதிரே வரிசையாக மணல் லோரிகள். சுமேரு கக்கின கருமணல் எல்லாம் அந்த வழியாகத்தான் ஊர் ஊராகப் போகுது. ஈரமணல் சிந்திக்கிட்டே போறதால வளைவில் மோட்டார் வழுக்குது. அங்கே ஒரு ஆணி பின்சக்கரத்தில் ஏறியது. அந்த ஊரில் அரை மைலுக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கும், 'தம்பால் பான்' என்று பலகை தொங்கும். தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் டியூபை வெளியே எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, "பெர்ச்சூமா, பாக்" என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. வெளியூர்க்காரன்னு இலவசமா ஒட்டித் தர்றார். "தெரிமா காசே! தம்பால், தம்பால்!" என்றேன். அவர் மறுபடியும் பெர்ச்சூமா என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டிக் கொடுத்துக் காசும் கேட்டார். பத்தே நிமிஷத்தில் காற்று இறங்கிப்போச்சு. அங்கே பெர்ச்சூமா என்றால் 'வீண், பிரயோஜனமில்லை'. அவர் ரெண்டு தடவை சொல்லியிருக்கார், ஒட்டுறது வீண்னு. திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து புது டியூப் வாங்கினோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகன்தான் வழி முழுக்க "பெர்ச்சூமா மாமா, பெர்ச்சூமா" என்று பாடிக்கிட்டே வந்தான்.

புரோனோஜீவோ போய்ச் சேரும்போது பதினொன்று தாண்டிப்போச்சு. சாலாக் பழத் தோட்டங்களுக்கு நடுவே கிராமம். 2021 டிசம்பர் 4-ஆம் தேதி சுமேரு வெடித்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இந்த வட்டாரத்தில்தான். லுமாஜாங் போகும் பாலமும் அப்போது அடித்துக்கொண்டு போனது. நாங்கள் போனது சரியாக ரெண்டு வருஷம் கழித்து. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வழிகாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இறங்கணும்னா ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க என்றார்கள். எழுந்து வந்தவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். ஒல்லி உடம்பு, ரப்பர் சிலிப்பர். 150,000 ரூப்பியா கேட்டார்.

நான் 80,000-இல் ஆரம்பித்தேன். மருமகன், "மாமா, வேணாம், குடுத்துடலாம்" என்று கையைப் பிடித்தான். "உனக்குத் தெரியாது, இப்படித்தான் கேப்பாங்க" என்று கால் மணி நேரம் பேசி 100,000-க்கு முடித்தேன். குறைத்த 50,000 அப்போது நம்ம காசுக்குப் பதினைந்து வெள்ளி. நம்ம ஊரில் ரெண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் பத்தாது. அன்றைக்கு என்னமோ பெரிய வெற்றி மாதிரி இருந்தது.

மேலே பார்வையிடத்திலிருந்து பார்த்தால் முதலில் வெறும் வெள்ளை. மேகம். மகாமேரு இருக்கிற திசைகூடத் தெரியல. சத்தம் மட்டும் கேட்குது. பத்து நிமிஷம் நின்றிருப்போம், மேகம் கொஞ்சம் கிழிந்தது. எனக்கு வாய் வரவில்லை. பூமியே வாயைத் திறந்த மாதிரி ஒரு பள்ளம். அதன் விளிம்பு முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளிருந்து எங்கே பார்த்தாலும் தண்ணீர் இறங்குது. சில இடத்தில் கயிறு மாதிரி, சில இடத்தில் வேட்டியை உதறிப் போட்ட மாதிரி. ஒரு நிமிஷம்தான். மறுபடி மூடிக்கொண்டது.

கீழே போகிற வழியைப் படி என்று சொல்ல முடியாது. ஏணி, கயிறு, பாறையில் வெட்டின தடம், பாதி இடத்தில் அதுமேலயே சின்ன அருவி ஓடுது. இறங்கும்போது பயமில்லை. பெரியவர் முன்னால், நான் நடுவில், மருமகன் பின்னால். கீழே கிளிடிக் ஆற்றை முழங்கால் தண்ணீரில் கடக்கணும். அங்கேதான் என் வலது காலணியின் அடிப்பாகம் 'ப்ளக்'கென்று பெயர்ந்து வந்தது. ஏழு வருஷம் அலமாரியில் பத்திரமாக இருந்த காலணி. பிசின் செத்துப்போயிருக்கு. பெரியவர் பையிலிருந்து தாலி ராஃபியா எடுத்தார், அதான் நம்ம பிளாஸ்டிக் கயிறு. குனிந்து என் காலோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். மருமகன், "மாமாவுக்குத் தாலி கட்டிட்டாங்க" என்றான்.

ஆனால் அந்த இடம்! சுவர் மூன்று பக்கமும் எழும்பி நிற்குது. அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் வானத்திலிருந்து புறப்பட்டுப் பாதி வழியில் புகையாகிடுது. பேசினால் கேட்காது. மூச்சு விட்டாலே வாயில் தண்ணீர். மருமகன் கையை விரித்துக்கொண்டு கத்துகிறான், வாய் அசைவது மட்டும் தெரியுது. அவன் அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. படம் எடுக்கலாம்னு கைப்பேசியை நீட்டினான். கை வழுக்கி ஆற்றுக்குள் விழுந்தது. தேடி எடுத்தோம், திரை கறுப்பு. அதுக்கும் சிரித்தான்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பெரியவர் மேலே பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மைலோ கலருக்கு மாறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இன்னும் தூறல்தான். மலை மேல் எங்கேயோ பலமா கொட்டியிருக்கு. அவர் விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அங்கங்கே நின்ற மற்ற வழிகாட்டிகளும் விசில் அடித்தார்கள். எல்லாரும் ஏணியை நோக்கி நடக்க ஆரம்பித்தோம். யாரும் ஓடவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. ஆற்றைத் திரும்பக் கடக்கும்போது தண்ணீர் இடுப்புக்குக் கீழே வந்திருந்தது.

இப்போது நல்ல மழை. முன்னால் ரெண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஏறிப் போய்ட்டாங்க. அடுத்து நான், எனக்குக் கீழே பெரியவர், அவருக்குக் கீழே மருமகன், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். முதல் ஏணி ஏறியாச்சு. ரெண்டாவது ஏணியில் பாதி உயரத்தில் அந்தக் கயிறு அறுந்தது. அடிப்பாகம் மடங்கி, வலது கால் வழுக்கி, முட்டி பாறையில் இடித்தது. கை விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒண்ணும் இல்லை.

ஆனால் அதுக்கப்புறம் என்னால் நகர முடியவில்லை.

எப்படிச் சொல்றது? மூளை ஏறுன்னு சொல்லுது, கால் கேட்கல. கை ஏணியை விட மறுக்குது. கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. எல்லாம் சுத்துது. காலையில் விளையாட்டாகக் கேட்ட பூசிங் நிஜமாகவே வந்துடுச்சு. எனக்குக் கீழே பதினொரு பேர். மருமகன் பிறகு எண்ணிச் சொன்னது. அவங்களுக்குக் கீழே ஆறு. வேற வழி கிடையாது. வழியில் நான் நிக்கிறேன்.

இருபது வருஷமா நான் பார்க்கிற வேலை என்ன? வழியில் நிக்கிறவங்களை நகர்த்துறது. ஒருத்தர் நின்றால் பின்னால் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். போன தைப்பூசத்தில், அதாவது 2023-இல், படிக்கட்டு நடுவில் ஒரு அம்மா பால்குடத்தோடு உட்கார்ந்துட்டாங்க. எழுபது வயசு இருக்கும். "கால் வரலப்பா" என்றாங்க. நான் மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னாடி, "முடியாதவங்க எதுக்கும்மா வர்றீங்க? பின்னாடி ஆளுங்க நிக்கிறது தெரியல?" என்று கேட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லாமல் ஓரமாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாங்க. அன்று ராத்திரியே எனக்கு மறந்துபோன விஷயம் அது. ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தபோது முகம் தெளிவாக ஞாபகம் வருது.

நான் சொன்னேன், "கால் வரலடா."

மருமகன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். "மாமா, அவசரமே இல்ல. யாரும் பின்னாடி தள்ளல. நீங்க நிதானமா வாங்க." அவசரம் இருந்தது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பச்சைப் பொய். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அப்போதுதான் பெரியவர் என் காலைத் தொட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயசில் மூத்தவர், என் காலைத் தொடுறார். "வேண்டாம் பாக்" என்று காலை இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. பிய்ந்து தொங்கின அடிப்பாகத்தை இழுத்துக் கழற்றி எறிந்தார். கணுக்காலைப் பிடித்து, தூக்கி, அடுத்த படியில் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினார். "காக்கி கானான், சூடா. செக்காராங் காக்கி கிரி." வலது கால் ஆச்சு, இப்போ இடது கால். பிறகு இடதைத் தூக்கி வைத்தார். மறுபடி வலது. "பெலான்-பெலான்" என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னார். இருபது படியாவது இருக்கும். அத்தனைக்கும் என் காலை அவர்தான் வைத்தார். என் காலணியிலிருந்து சேறு வழிந்து அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மேலே நின்ற வெள்ளைக்காரப் பெண்ணில் ஒருத்தி அந்த நேரத்தில் எடுத்த படம்தான் அக்கா, நீங்க அனுப்பினது. பிறகு மருமகனுக்கு அனுப்பியிருக்கா. அன்றைய பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே படம்.

பதினொரு பேரும் பத்திரமாக மேலே வந்துட்டாங்க. ஆறும் பெரிதாக ஒன்றும் பொங்கிவிடவில்லை என்று பிறகு சொன்னார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு கொரியப் பையன் தோளில் தட்டிவிட்டுப் போனான், அது திட்டினதைவிட மோசமாக இருந்தது. கடையில் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடித்தோம். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையில் காயு பூத்தே தைலம் இருந்ததை எடுத்து நெற்றியில் தேய்த்தேன். பெரியவர் கேட்டு வாங்கித் தன் முட்டியில் தேய்த்துக்கொண்டார்.

200,000 எடுத்துக் கொடுத்தேன். சினிமாவில் மாதிரி அவர் வேண்டாம் என்று மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார், "தெரிமா காசே" என்றார், ஒரு சிகரெட் பற்றவைத்தார். அடுத்த ஆளுக்குக் காத்திருக்கப் போய்விட்டார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு மாலாங் வந்த பிறகுதான் தோன்றியது.

திரும்பும்போது மருமகன்தான் மோட்டார் ஓட்டினான். ஒரு காலில் காலணி, ஒரு காலில் கடையில் வாங்கின சிலிப்பர் என்று பின்னால் உட்கார்ந்து வந்தேன். டம்பிட் வந்தபோது மேகம் விலகி, இருட்டுகிற நேரத்தில், நமக்குப் பின்னால் மகாமேரு முழுசாகத் தெரிந்தது. உச்சியில் லேசாகப் புகை. வண்டியை ஓரங்கட்டி ரெண்டு பேரும் பேசாமல் பார்த்தோம். "அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன். "எதைப் பத்தி மாமா?" என்றான்.

2024 ஜனவரி 25 தைப்பூசத்தில் மைக்கை வேறொரு தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் நடுப்படியில் நின்றேன். ஏன் என்று எங்க குழுத் தலைவர் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். இதைப் படித்தால் இப்போ தெரிஞ்சுக்குவார். அந்த அம்மா வருவாங்களா என்று பார்த்தேன். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை, வந்தாங்களோ என்னவோ.

போக நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. முந்தின ராத்திரியே பக்கத்துக் கிராமத்தில் தங்கிடுங்க, காலை ஆறு மணிக்கெல்லாம் மேலே நின்றால் மலையும் அருவியும் சேர்ந்து கிடைக்கும். மே முதல் செப்டம்பர் வரைக்கும் மழை குறைவு. பழைய காலணியைப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க. வழிகாட்டி கேட்கிற காசைக் கொடுத்திடுங்க.

மருமகன் அடுத்து வியட்நாம் போறானாம், பான் ஜியோக் அருவியைப் பார்க்க. "மாமா கூட வந்தா போ" என்று அக்கா மறுபடியும் சொல்லியிருக்காங்க. இந்தப் பதிவைப் படிச்சிட்டு மனசு மாறினாலும் மாறலாம். நான் காலணி வாங்கிட்டேன்.